அத்தையிடம் கேட்ட இரண்டு நாள்

அன்புள்ள சார்,

எனக்குக் காவேரிப்பட்டணம். அண்ணன் குடும்பம் பாலக்கோடு பக்கம். அண்ணன் மகளுக்கு 17 வயது, பிளஸ் டூ. ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போகும் 20 வயதுப் பையனோடு பழக்கம். வீட்டில் தெரிந்ததும் அடித்து, போனைப் பிடுங்கிக்கொண்டார்கள். பதினைந்தே நாளில் சொந்தத்தில் மாப்பிள்ளை பேசினார்கள். பொண்ணு பார்க்க வருவதற்கு முந்தின ராத்திரி இரண்டு பேரும் போய்விட்டார்கள். ஒரு மலைக்கோயிலில் தாலி கட்டிக்கொண்டார்களாம். நாலு மாதம் கழித்து, மயக்கம் என்று ஆஸ்பத்திரிக்குப் போன இடத்தில் கர்ப்பம் தெரிந்து, போலீஸ் வரை போனது. பையன் போக்சோவில் சிறையில், அவள் காப்பகத்தில். போன மாதம் அண்ணன் உயிரை விட்டுவிட்டார். காதல் என்றாலே இந்த அவசரப் புத்தியும் சாவும்தானா? 2012-இல் நம் பக்கம் பார்க்காததா?

ஓடுவதற்கு இரண்டு நாள் முன்பு யார் போனிலிருந்தோ கூப்பிட்டாள். "அத்தை, உங்க வீட்டுல வந்து ரெண்டு நாள் இருக்கட்டுமா?" என்றாள். "பரீட்சை முடியட்டும் கண்ணு" என்றேன்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் 2012-ஐத் தனியாக எடுத்து வைத்துவிடுவோம். சாதி தாண்டிய ஒரு காதல் கல்யாணம், பெண்ணின் அப்பா சாவு, அதைச் சாக்காக வைத்து அந்த நவம்பர் 7-ஆம் தேதி தர்மபுரி பக்கம் நத்தம் காலனியில் தலித் மக்களின் வீடுகள் எரிந்ததற்குக் காரணம் சாதி வெறி. அதைக் காதலின் கணக்கில் எழுதக்கூடாது.

அந்தப் போன் விஷயத்தைக் கடைசியில், போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதிலிருந்துதான் பேசத் தோன்றுகிறது.

உங்கள் மருமகள் அவசரப்பட்டாள், உண்மைதான். ஆனால் அந்த வீட்டுக்குள் அவசரத்தை முதலில் கொண்டுவந்தவர்கள் பெரியவர்கள். விடிந்தால் பொண்ணு பார்க்க வருகிறார்கள் என்றால், 17 வயதுப் பிள்ளைக்கு அன்றைய ராத்திரி ஒன்றுதானே மிச்சம்? அவள் கேட்டது இரண்டு நாள். 18 முடியாத பெண்ணுக்குக் கல்யாணம் செய்து வைப்பதும் சட்டப்படி குற்றம்தான், மாப்பிள்ளை சொந்தமாக இருந்தாலும். அண்ணனைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. உட்கார்ந்து பேச அவருக்கும் ஆள் இருந்திருக்காது.

பையன்களுக்கு இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பெண்ணுக்கு 18 ஆகவில்லை என்றால் அவள் சம்மதம் சட்டத்தின் முன் நிற்காது, கழுத்தில் தாலி இருந்தாலும். ஆஸ்பத்திரியில் தெரிந்தால் அவர்கள் தகவல் சொல்லியே ஆக வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு போக்சோவில் உடலுறவுக்குக் குறைந்தபட்சத் தண்டனையே 10 ஆண்டு, பெண்ணுக்கு 16 ஆகவில்லை என்றாலோ கர்ப்பமாகிவிட்டாலோ 20 ஆண்டு. இரண்டு பேரும் விரும்பிப் போன ஒரு வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் ரத்து செய்திருக்கிறது. ஆனால் அதை நம்பி யாரும் வீட்டை விட்டுக் கிளம்ப முடியாது.

காதலனோடு வீட்டை விட்டுக் கிளம்புகிற உடன்போக்கு நமக்குப் புதிதில்லை. சங்கப் பாடல்களில் பெண்கள் பாலை நிலம் தாண்டிப் போகிறார்கள், வளர்த்த செவிலித்தாய் வழியில் எதிர்ப்படுகிறவர்களிடம் எல்லாம் விசாரித்துக்கொண்டே தேடுகிறாள். ஆனால் அங்கேயே 'அறத்தொடு நிற்றல்' என்றும் ஒன்று உண்டு. தலைவி தன் காதலைத் தோழியிடம் சொல்வாள், தோழி செவிலியிடம், செவிலி பெற்றவளான நற்றாயிடம், நற்றாய் தந்தையிடம். ஒரே பாய்ச்சலில் அப்பா முன்னால் போய் நிற்க வேண்டியதில்லை. நடுவில் மூன்று பேர், மூன்று பேச்சு. ஒவ்வொரு பேச்சிலும் கொஞ்சம் சூடு ஆறும். உங்கள் மருமகள் செவிலியைத் தேடித்தான் போன் செய்திருக்கிறாள்.

எங்கள் வீட்டில் அந்த இடத்தில் சித்தி இருந்தார். அக்காவுக்கு அப்போது 18. விஷயம் தெரிந்து அப்பா கத்திக்கொண்டிருந்தபோது, "பத்து நாள் என்கிட்ட இருக்கட்டும்" என்று சித்தி கையோடு கூட்டிப் போய்விட்டார். மறுநாள் நான் போனபோது இருவரும் திண்ணையில் புளி தட்டிக்கொண்டிருந்தார்கள். சித்தி தலையே நிமிரவில்லை. "பையன் என்ன பண்றான்?" ஒரு கொட்டை தெறித்தது. "அவங்க அம்மாவுக்குத் தெரியுமா?" இன்னொரு கொட்டை. சாதியை அவர் கேட்கவே இல்லை. அக்கா அழுதுகொண்டே நார் உரித்தாள், பதில் சொன்னாள். "படிப்பு முடியட்டும். அப்பவும் இதே மாதிரி சொன்னீன்னா நானே அண்ணன்கிட்ட பேசுறேன்" என்றார் சித்தி. அடுத்த புளி அறுவடைக்குள் அக்காவே வேண்டாம் என்று விட்டுவிட்டாள். நிலைத்திருந்தால் சித்தி நிச்சயம் பேசியிருப்பார், எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

அன்றைக்கு நீங்கள் சொன்ன பதிலை யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள். நான்கூடச் சொல்லியிருப்பேன். அந்தப் பழியை உங்கள் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். தூக்கம் வராமல் தவித்தால் 14416-க்குப் போன் செய்யுங்கள், அரசின் மனநல உதவி எண் அது, கட்டணம் கிடையாது. அண்ணிக்கும் அந்த எண்ணைக் கொடுங்கள். இப்போது அவர்தான் தனியாக இருக்கிறார்.

அப்புறம், மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவிடம் போய், அவளை உங்கள் பொறுப்பில் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். விசாரித்துத்தான் முடிவு செய்வார்கள், அலைய வேண்டியிருக்கும். வழக்குக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் கிடைப்பார். அதற்கெல்லாம் முன்னால் ஒரு தடவை அவளைப் பார்க்க அனுமதி வாங்குங்கள். அப்பா போனதை அவளிடம் யார், எப்படிச் சொன்னார்களோ. பையனைப் பற்றி நீங்களாக எதுவும் கேட்க வேண்டாம். சாப்பிட்டாயா என்று கேளுங்கள், பக்கத்தில் உட்காருங்கள். போய் வந்ததும் எனக்கு எழுதுங்கள்.