நீயே சொல்லு கண்ணு – கடிதம்

ஐயா, வணக்கம்.

நாமக்கல் மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் ஃபார்ம் டி என்கிற மருந்தியல் படிப்பில் கடைசி வருடம் படிக்கிறேன். ப்ளஸ் டூ முடித்தபோது டாக்டராக வேண்டும் என்றுதான் ஆசை. நீட் மார்க் போதவில்லை. இந்த வருட இன்டர்ன்ஷிப்பில் கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஆராய்ச்சிப் பிரிவில் என்னைப் போட்டார்கள். அங்கே சர்க்கரை நோய் மருந்து ஒன்றுக்கு கிளினிக்கல் ட்ரையல், அதாவது நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வு, நடக்கிறது. கோஆர்டினேட்டர் அக்காவுக்கு உதவியாக இருப்பது என் வேலை. நோயாளிகளுக்கு போன் செய்து விசிட் தேதியை நினைவூட்டுவேன், மீதி மாத்திரைகளை எண்ணி வாங்குவேன், கேஸ் ஷீட்டில் உள்ளதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். இது மருத்துவமே இல்லை, கணக்குப்பிள்ளை வேலை என்றுதான் முதலில் நினைத்தேன்.

ஒரு நாள் விசைத்தறித் தொழிலாளியான ஒரு பெரியவரிடம் ட்ரையலில் சேர்வதற்கான ஒப்புதல் படிவத்தை டாக்டர் பக்கம் பக்கமாக விளக்கினார். நானும் உடனிருந்தேன். முடிந்ததும் பெரியவர் என் பக்கம் திரும்பி, "நீயே சொல்லு கண்ணு, கையெழுத்துப் போட்டுடட்டுமா?" என்றார். "உங்க இஷ்டந்தானுங்கய்யா" என்றேன். போட்டுவிட்டார். அதிலிருந்து மனசு சரியில்லை.

படிப்பு முடியப்போகிறது. பெங்களூருவில் மருந்துப் பக்கவிளைவுகளைப் பதிவுசெய்யும் கம்பெனி வேலைக்குப் போ, சம்பளம் நல்லா இருக்கும் என்கிறார்கள் சீனியர்கள். எனக்குக் கோஆர்டினேட்டராகச் சேர ஆசை. "ஆறு வருஷம் படிச்சது ஃபைல் தூக்கவா?" என்று வீட்டில் கேட்கிறார்கள். மருத்துவத்துக்குள் நுழைய முடியாதவர்கள் நிற்கிற வாசல்தானா இது? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ர.

அன்புள்ள ர.,

முதலில் அந்தப் பெரியவர் கேட்ட கேள்வி. நீங்கள் சொன்ன பதில் விதிப்படி சரிதான். சேருங்கள் என்று தூண்டவும் கூடாது, வேண்டாம் என்று தடுக்கவும் கூடாது. ஆனாலும் உங்கள் மனசு சரியில்லாமல் போனதற்குக் காரணம் இருக்கிறது. "இத்தனை பக்கம் சொன்னாங்க, எனக்குப் பிடிபடலை, உன்னைப் பார்த்தா நம்பலாம்போல இருக்கு" என்பதைத்தான் அவர் அந்த ஒரு வரியில் சொல்லியிருக்கிறார் என்று எனக்குப் படுகிறது.

அப்படி ஒருவர் கேட்டால் பேனாவைக் கொஞ்ச நேரம் தள்ளி வைக்கலாம். "அய்யா, டாக்டர் சொன்னதுல உங்களுக்கு என்ன புரிஞ்சுதுன்னு சொல்லுங்க" என்று அவரையே பேச விடலாம். "புது மருந்து வந்திருக்கு, எனக்கு எது ஒத்துக்கும்னு பார்த்து டாக்டர் குடுப்பாரு" என்று அவர் சொன்னால், விளக்கியது போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். இரண்டு மருந்துகளை ஒப்பிடும் ட்ரையலில் யாருக்கு எது என்பதை டாக்டர் பார்த்துக் கொடுப்பதில்லை. பூவா தலையா போட்டதுபோலப் பட்டியல் பிரிந்து வரும். பல ஆய்வுகளில் எதைக் கொடுக்கிறோம் என்று டாக்டருக்கே தெரியாது. வாழ்நாள் முழுக்க டாக்டர் கையை நம்பியே வந்தவருக்கு இது எத்தனை பெரிய செய்தி! அதைப் பதினைந்து நிமிடத்தில் சொல்லி முடித்துவிட முடியாது.

படிவத்தை வீட்டுக்கு எடுத்துப்போய் மகனிடமோ மகளிடமோ காட்டி, யோசித்து மறுநாள் வர அவருக்கு உரிமை உண்டு. வாசிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி பேச்சு முழுவதும் கூடவே இருந்து கையெழுத்திட வேண்டும். அப்புறம், போட்ட கையெழுத்து போட்டதுதான் என்பதும் இல்லை. எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினால் வழக்கமான சிகிச்சை குறையக் கூடாது. ஒவ்வொரு விசிட்டிலும் அவரிடம் இதை மறுபடி பேசலாம். நீங்கள் இன்டர்ன் என்பதால் தனியாக எதுவும் செய்ய வேண்டாம். உங்களுக்குத் தோன்றியதைக் கோஆர்டினேட்டரிடமும் ஆய்வுக்குப் பொறுப்பான டாக்டரிடமும் சொல்லுங்கள். நல்ல இடமாக இருந்தால் காதுகொடுத்துக் கேட்பார்கள்.

இதைச் சின்ன விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். 2009ல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியைப் பள்ளிச் சிறுமிகளுக்குப் போட்டு ஓர் ஆய்வு நடந்தது. பெற்றோர் கையெழுத்து இருக்க வேண்டிய பல படிவங்களில் விடுதிக் காப்பாளர்களும் தலைமை ஆசிரியர்களும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஏழு சிறுமிகள் இறந்ததாகச் செய்தி வந்ததும் 2010 ஏப்ரலில் எல்லாம் நின்றது. அந்த மரணங்களைத் தடுப்பூசியோடு இணைக்க விசாரணையில் ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனால் ஒப்புதல் வாங்கிய விதத்தை நாடாளுமன்ற நிலைக்குழு 2013ல் கடுமையாகக் கண்டித்தது. அந்தத் தடுப்பூசி உலகெங்கும் பெண்களைக் காப்பாற்றி வருகிறது. நம் ஊரில் அதன்மேல் விழுந்த சந்தேகம் மட்டும் லேசில் போகவில்லை. அந்தக் கையெழுத்துப் பக்கங்களை ஒழுங்காகப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்திருந்தால் கதை வேறாகியிருக்கும் என்பது என் எண்ணம்.

சரி, "கணக்குப்பிள்ளை வேலை"க்கு வருகிறேன். இதற்கு நான் சொல்ல விரும்புவது சென்னையில் நடந்த ஒரு கதை. உங்கள் கல்லூரியில் யாராவது சொன்னார்களா தெரியவில்லை, சொல்லியிருக்க வேண்டும்.

1950களில் காசநோய் வந்தால் சானடோரியத்தில் படுக்க வேண்டும். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, முழு ஓய்வு. தாம்பரத்தில் ரயில் நிலையத்துக்கே சானடோரியம் என்று பெயர் நிலைத்துவிட்ட அளவுக்கு அது நம் ஊரோடு கலந்திருந்தது. ஆனால் நோயாளிகள் இருந்த எண்ணிக்கைக்குப் படுக்கைகள் எந்த மூலைக்கு? 1956ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை மாநில அரசு எல்லாம் சேர்ந்து சென்னையில் ஒரு மையம் தொடங்கின. இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் வாரிசு. வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் முன்னின்று நடத்தினார். சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை சானடோரியத்துக்கு அனுப்பினார்கள், மறு பாதியை வீட்டிலேயே வைத்தார்கள். இருவருக்கும் ஒரே மருந்துகள், ஒரு வருடம்: ஐசோனியசிட், அதோடு பாஸ் என்ற, வயிற்றைப் பாடாய்ப் படுத்தும் மருந்து.

வீட்டில் இருந்தவர்கள் நெருக்கடியான வீடுகளில் இருந்தார்கள், சானடோரியத்தில் இருந்தவர்களைவிடக் குறைவாகச் சாப்பிட்டார்கள், பலர் வேலைக்கும் போனார்கள். 1959ல் முடிவு வெளிவந்தது. இரு பக்கமும் குணமானவர்கள் ஏறக்குறைய ஒரே அளவு. வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் இதனால் நோய் கூடுதலாகத் தொற்றவில்லை. உலகமெங்கும் சானடோரியங்கள் மூடப்படுவதற்கு அந்த முடிவு ஒரு முக்கியக் காரணம். எத்தனை தாய்மார்கள் குழந்தைகளைப் பிரிந்து வருடக்கணக்கில் படுத்துக் கிடக்காமல் வீட்டோடு இருந்து குணமாகியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இதில் உங்களுக்கான பகுதி இனிமேல்தான். வீட்டில் இருந்தவர்கள் மருந்தை நிஜமாகவே சாப்பிட்டார்களா? இது தெரியாவிட்டால் ஆய்வே வீண். வாந்தி வருகிறது என்று பாஸை ஜன்னல் வழியாகக் கொட்டியிருந்தாலும், 'வீட்டுச் சிகிச்சை பலிக்கவில்லை' என்றுதான் உலகம் எழுதியிருக்கும். அதனால் மையத்தின் ஊழியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீடுகளுக்குப் போனார்கள். மீதி இருந்த மருந்தை எண்ணினார்கள். சிறுநீர் வாங்கிவந்து அதில் மருந்து இருக்கிறதா என்று சோதித்தார்கள். வராதவர்களைத் தேடிப் போய், என்ன கஷ்டம் என்று கேட்டு, கூட்டி வந்தார்கள். அவர்கள் பெயர்கள் நமக்குத் தெரியாது. அவர்கள் எண்ணிய எண்ணிக்கை பொய்யாக இருந்திருந்தால் ஃபாக்ஸின் கட்டுரைக்குக் காகித மதிப்புகூட இருந்திருக்காது. நீங்கள் கோவையில் மேசைமேல் கொட்டி எண்ணும் மாத்திரையும் அதே எண்ணிக்கைதான். ஒரு கோஆர்டினேட்டர் சோம்பலில் ஒரு எண்ணை உத்தேசமாகப் போட்டால், அது திருச்செங்கோட்டில் யாரோ ஒருவர் நாளை விழுங்கப்போகும் மருந்து வரைக்கும் போகும்.

வாசலில் நிற்பதாக நினைக்காதீர்கள், நீங்கள் உள்ளேதான் இருக்கிறீர்கள்.

பெங்களூரு வேலையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். கர்ப்பிணிகள் சாப்பிட்ட தாலிடோமைடு மாத்திரையால் குழந்தைகள் ஊனமாகப் பிறப்பது 1961ல் வெளியே தெரிந்ததே, சில மருத்துவர்கள் தாங்கள் கண்டதை எழுதிவைத்ததால்தான். பக்கவிளைவைப் பதிவது உயிர் காக்கும் வேலை. ஆனால் அங்கே உங்களிடம் வந்து சேர்வது "நோயாளி, ஆண், 61 வயது, தலைச்சுற்றல்" என்ற வரி மட்டும். அவர் மதியச் சாப்பாட்டைத் தவிர்த்துவிட்டு மாத்திரை போட்டார் என்பது அவருக்கு போன் பேசியவருக்குத்தான் தெரியும். அந்தத் தெரிதலோடு போனால் அதே வேலையை இன்னும் நன்றாகச் செய்வீர்கள். அதனால் முதலில் ஒன்றிரண்டு வருடம் மருத்துவமனையில் கோஆர்டினேட்டராக இருங்கள் என்பதுதான் என் யோசனை. சம்பளம் குறைவு, மறைக்க வேண்டாம். வீட்டில் கடன் இருக்கிறது, தம்பி படிக்கிறான் என்றால் பெங்களூருவுக்குத் தயங்காமல் போங்கள், அதிலும் குற்றமில்லை.

அதற்குப் பிறகு மேலே படியுங்கள். உங்களைத் தொல்லைப்படுத்தும் கேள்வி எதுவோ அதை வைத்துப் படிப்பைத் தேர்ந்தெடுங்கள். 'இந்த முடிவை எப்படி நம்புவது' என்றால் வேலூர் சி.எம்.சி.யில் உயிரிப் புள்ளியியல் இருக்கிறது. 'இந்த நோய் இந்த ஊரில் ஏன் இத்தனை' என்றால் சென்னையில் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் பொதுச் சுகாதாரத்தில் முதுகலை நடத்துகிறது. 'அவருக்குப் புரிந்ததா' என்ற கேள்விதான் விடவில்லை என்றால், ஆய்வு நெறிமுறை என்ற துறையே இருக்கிறது. மருந்து ஆய்வுகளுக்கான 2019 விதிகளின்படி, ஆய்வுகளைப் பரிசீலித்து அனுமதிக்கும் ஒவ்வொரு நெறிமுறைக் குழுவிலும் குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும், அதில் சாதாரணப் பொதுமக்களில் ஒருவரும் ஒரு பெண்ணும் கட்டாயம். படிவத்தை நோயாளியின் பக்கம் உட்கார்ந்து படித்த அனுபவம் உள்ளவர்கள் அந்த மேசைக்கு மிகவும் தேவை.

வீட்டாருக்கு இந்த வேலை பிடிபடாததில் வியப்பில்லை. ஃபார்ம் டி படிப்பே நம் நாட்டுக்கு 2008ல்தான் வந்தது. அப்பாவை ஒரு நாள் அந்த ஆராய்ச்சிப் பிரிவுக்குக் கூட்டிப்போய் கோஆர்டினேட்டர் அக்காவோடு பேச வையுங்கள். நீங்கள் வாயால் விளக்குவதைவிட அது பலிக்கும்.

எங்கே சேர்ந்தாலும், சேரும்முன் இரண்டு விஷயம் கேளுங்கள். ஒரு கோஆர்டினேட்டர் ஒரே நேரத்தில் எத்தனை ஆய்வுகளைப் பார்க்கிறார்? ஒப்புதல் பேச்சுக்குத் தனி அறையும் நேரமும் உண்டா, அல்லது ஓ.பி. வரிசை நகர நகர அங்கேயே முடித்துவிடுகிறார்களா? பதில் மழுப்பலாக வந்தால் வேறு இடம் பாருங்கள்.