கடற்கரையில் நின்ற ஹைபிரிட் கார்: கறளை எங்கே தேடுவது?

உப்புவெளியில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "ஐயா, 2014ஆம் ஆண்டு டொயோட்டா அக்குவா ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். நிலாவெளியில் கடலுக்கு இரண்டு வளவு தள்ளி உள்ள வீட்டில் நாலு வருடமாக நின்ற கார். பெயின்ட் பளபளவென்று இருக்கிறது. கீழே புதிதாக அண்டர்கோட் அடித்திருக்கிறார்கள், கறள் பயமே இல்லை என்கிறார் சொந்தக்காரர். நான் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? ஹைபிரிட் என்பதால் கறள் விஷயத்தில் ஏதும் வித்தியாசம் உண்டா?"

உண்டு தம்பி, பெரிய வித்தியாசம் உண்டு. ஹைபிரிட் என்றால் பெட்ரோல் எஞ்சினோடு பெரிய பெட்டரியும் மின்சார மோட்டரும் சேர்ந்து ஓட்டுகிற கார். சாதாரணக் காரில் கறள் என்றால் டிங்கர் வேலை, பெயின்ட் வேலை, அதோடு முடிந்துவிடும். ஹைபிரிட்டில் அதே உப்பும் ஈரமும் பெட்டரிக்கும் வயர் கனெக்டர்களுக்கும் போய்ச் சேர்ந்தால் கார் நடுவீதியில் நின்றுவிடும், பிறகு வரும் செலவு வேறு கணக்கு. அதனால் தகரம் எங்கே அரித்திருக்கிறது என்று மட்டும் தேடாதீர்கள், தண்ணீர் எதுவரை உள்ளே போயிருக்கிறது என்று தேடுங்கள்.

முதலில் அந்தப் புது அண்டர்கோட். விற்கிற நேரத்தில் அடித்த கறுப்பை நான் நம்புவதில்லை. கறளைச் சுரண்டிச் சுத்தம் செய்யாமல் மேலே பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு முன்னைவிட வேகமாகத் தின்னும். ஒழுங்காக அடித்தவர் சைலன்சர், ரப்பர் புஷ், பிரேக் ஹோஸ், உயர் அழுத்த மின்சாரம் போகிற செம்மஞ்சள் வயர் இவற்றையெல்லாம் மூடிவிட்டு அடித்திருப்பார், மறைப்பதற்காக அடித்தவர் எல்லாவற்றின் மேலும் ஒரே விசிறாக விசிறியிருப்பார். கறுப்புப் பூச்சு பொரித்த பப்படம் போல எங்காவது பொம்மியிருந்தால் ஸ்குரூ டிரைவரின் பிடியால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு 'டிங்' என்று சொல்லும், உள்ளே உக்கிய தகடு 'பொத்' என்று சொல்லும். அந்தச் சத்தத்தை ஒரு தடவை கேட்டால் மறக்காது.

அப்புறம் ஒரு விஷயம், கறள் என்றால் சிவப்பு என்று மட்டும் நினைக்க வேண்டாம். இரும்பு செம்மண் நிறத்தில் அரிக்கும், அலுமினியம் வெள்ளை மாவாகப் பூக்கும், செம்பு பச்சையாகும். ஹைபிரிட்டில் இந்த வெள்ளையும் பச்சையும்தான் கூடப் பயப்பட வேண்டியவை, ஏனென்றால் மின்சாரம் ஓடுகிற இடங்களில் அவைதான் வரும்.

நம்முடைய ஊர்க் காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடலுப்பில் சோடியம் குளோரைட்டோடு மக்னீசியம் குளோரைட்டும் இருக்கிறது. முதலாவது காற்றின் ஈரப்பதம் கிட்டத்தட்ட 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் காற்றின் ஈரத்தை உறிஞ்சி நீர் விடும், இரண்டாவது 33 சதவீதத்திலேயே நீர் விடத் தொடங்கிவிடும். குசினியில் கல்லுப்புச் சாடி மழையே இல்லாத நாளிலும் நசநசவென்று இருக்குமே, அதேதான் காரின் அடியிலும் நடக்கிறது. வாடைக்காற்று நாளில் கடல் தூவானம் வந்து படியும், பிறகு கச்சான் காற்று எவ்வளவு வறட்சியாக வீசினாலும் அந்த உப்புப் படிந்த மூலைகள் முழுதாகக் காயாது. மழை படாமல் ஷெட்டில்தான் நின்றது என்று சொந்தக்காரர் சொன்னால் அதை ஒரு நன்மையாக எடுக்காதீர்கள். மழையாவது மேலே இருக்கிற உப்பைக் கழுவியிருக்கும். அடியை எந்தத் தண்ணீரால் கழுவினார்கள் என்றும் கேளுங்கள், கடற்கரை வளவுக் கிணறுகள் பல உவர்.

சரி, காரை ஹொயிஸ்ட் உள்ள ஒரு சேர்விஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டு போங்கள். ஜக் அடித்துக் கீழே படுக்க வேண்டாம். ஹைபிரிட் 'ரெடி' விளக்கு எரிகிறபோது சத்தமே இல்லாமல் நிற்கும், திடீரென்று எஞ்சின் தானாக ஸ்டார்ட் ஆகும். ஆகவே கீழே போவதற்கு முன் முழுதாக ஓஃப் செய்து, திறப்பைக் காரை விட்டுத் தூரமாக வைக்கச் சொல்லுங்கள்.

கீழே முதலில் ஜக் வைக்கிற இடங்களைப் பாருங்கள். கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடுகிற பாகத்தில் இரண்டு தகடு மடிந்து ஒட்டிய விளிம்பு அது, தண்ணீர் தங்கும். அது நசிந்தோ வெடித்தோ இருந்தால் உள்ளுக்குள் அரித்திருக்கிறது என்று அர்த்தம். பிறகு டயருக்கு மேல் உள்ள வளைவின் உள்மடிப்பை விரலால் தடவுங்கள், மணல் ஒட்டினால் வழித்துவிட்டுப் பாருங்கள். எஞ்சினைத் தாங்குகிற முன்பக்கச் சட்டமான சப்ஃபிரேம், பின்பக்கக் குறுக்குத் தண்டு, ஸ்பிரிங் உட்காருகிற கிண்ணம், பிரேக் பைப் இவற்றையும் பாருங்கள். தேய்த்தால் போகிற செம்பொடி வயதுக்குச் சரி, ஆனால் சருகு சருகாக உரிகிறது என்றால் தகட்டின் தடிப்பே குறைந்துவிட்டது.

மேலே சின்னக் காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி ஓட்டிப் பார்க்கலாம், பள்ளத்தை நிரப்பப் பட்டிப் பசை போட்ட இடத்தில் பிடிக்காது. ஆனால் நாளைக்கு டொயோட்டாவின் இன்னொரு ஹைபிரிட்டான பிரியஸைப் பார்க்கப் போய் போனட்டில் காந்தம் ஒட்டவில்லை என்று சண்டை பிடிக்காதீர்கள், மூன்றாம் தலைமுறைப் பிரியஸின் போனட் அலுமினியம்.

பிரேக் டிஸ்க்கில் கறள் கண்டால் உடனே மிரள வேண்டாம். ஹைபிரிட் வேகம் குறைக்கும்போது மோட்டரே பெரும்பாலான வேலையைச் செய்து பெட்டரிக்குச் சார்ஜ் அனுப்பும், பிரேக் பேட் குறைவாகத்தான் உரசும். அதனால் எங்கள் ஊரில் ஒரு இரவு நின்றாலே டிஸ்க் சிவந்துவிடும், நாலு தடவை அழுத்திப் பிடித்தால் போய்விடும். போகாமல் குழி குழியாக இருந்தால், அல்லது பேட்டை அழுத்துகிற கலிப்பரின் ஊசி இறுகிப்போய் ஒரு பக்கச் சில்லு மட்டும் சூடானால், அந்தச் செலவை விலையில் கழிக்கலாம். சைலன்சரும் அப்படித்தான். எஞ்சின் அடிக்கடி நின்று நின்று ஓடுவதால் உள்ளே சேர்கிற தண்ணீர் முழுதாக ஆவியாகாது, உள்ளிருந்தே அரிக்கும். முன்னால் ஏசி கண்டென்சரின் மெல்லிய தகடுகளை டோர்ச் அடித்துப் பாருங்கள், கடற்கரைக் காரில் தொட்டாலே உதிரும்.

இனி முக்கியமான இடம். அக்குவாவில் ஹைபிரிட் பெட்டரி பின் சீட்டுக்குக் கீழே இருக்கிறது, 7.2 வோல்ட் சிறு பெட்டரிகள் (மொடியூல்கள்) 20, மொத்தம் 144 வோல்ட். மோட்டருக்கு மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கிற இன்வேர்ட்டர் அதை 520 வோல்ட் வரை உயர்த்தும். ஆகவே பெட்டரி மூடியை நீங்கள் கழற்றக் கூடாது, செம்மஞ்சள் வயர் எதையும் கையால் தொடக் கூடாது, கண்ணால் பார்ப்பது மட்டும். சொந்தக்காரரிடம் கேட்டுப் பின் சீட்டின் மெத்தையைத் தூக்குங்கள். கார்ப்பெட்டை ஒரு மூலையில் மடித்துக் கீழே உள்ள பஞ்சைக் கையால் அமத்துங்கள், ஈரமா, காய்ந்த வெள்ளைக் கோடு ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். சீட்டைப் பிடிக்கிற போல்ட்டுகள் கறளாக இருக்கவே கூடாது, கூரைக்குக் கீழே இருக்கிற இரும்புக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கோடு அங்கேதான் மிஞ்சியிருக்கும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த வெள்ளம் மூதூர்ப் பக்கமும் களனி கங்கை ஓரமும் எத்தனை வீடுகளுக்குள் புகுந்தது என்று நமக்குத் தெரியும், அதில் நின்ற கார்களும் கழுவி மினுக்கி விற்பனைக்கு வரும்.

என் கராஜுக்கு ஒரு பிரியஸ் வந்தது. அதில் பெட்டரி டிக்கித் தரைக்குக் கீழே. வெளியில் ஒரு பொட்டுக் கறள் இல்லை, ஆனால் சிவப்பு முக்கோண விளக்கு எரிகிறது, ஸ்கேனரில் பி0ஏ80 என்ற பிழைக் கோட், அதாவது பெட்டரியை மாற்று. மூடியைக் கழற்றினோம். மொடியூல்களை இணைக்கிற செம்புத் தகடுகள் பாசி பிடித்த படிக்கட்டு மாதிரிப் பச்சையாக இருந்தன. விசாரித்தால், அவர் கிழமைக்கு இரண்டு தடவை ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டு மீன் கொண்டு போயிருக்கிறார், உருகிய உப்புத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கியிருக்கிறது. தகடுகளைச் சுத்தம் செய்ததில் கொஞ்ச மாதம் ஓடியது, பிறகு முழுப் பெட்டரியும் மாற்ற வேண்டி வந்தது. ஆகவே டிக்கியில் மீன் வாசமும் பின் சீட் பக்கக் காற்றுத் துவாரத்தில் மணலும் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் துவாரத்தால்தான் பெட்டரி மூச்சு விடுகிறது, உப்புக் காற்றும் அதே வழியால்தான் போகும்.

கனடாவில் பனிக்கு உப்புப் போடுகிற வீதிகளில் ஓடிய சில டொயோட்டா ரேவ்4 ஹைபிரிட்களில், பின் மோட்டருக்குப் போகிற உயர் அழுத்த வயரின் கனெக்டரே அரித்துப்போய், டொயோட்டா அதற்கு உத்தரவாதக் காலத்தை நீட்டியது. உங்கள் அக்குவாவில் பின் மோட்டர் இல்லை, அந்தக் கவலை வேண்டாம். ஆனால் ஜப்பானில் கார் எங்கே ஓடியது என்பது உங்களுக்கும் முக்கியம், ஹொக்கைடோ போன்ற பனி இடங்களிலும் வீதிக்கு உப்புப் போடுவார்கள். ஒக்ஷன் ஷீட்டைக் கேளுங்கள், ஜப்பானில் ஏலத்துக்கு வந்தபோது காரின் நிலையை எழுதிய தாள் அது. அதில் உள்ள கார்ப் படத்தில் எஸ் என்ற எழுத்துக் கறளைக் குறிக்கும், சி என்பது அரிப்பை, பக்கத்தில் 2 என்றிருந்தால் 1ஐ விட மோசம். ஷீட்டைச் செசி நம்பரை வைத்து நீங்களே எடுப்பியுங்கள், விற்பவர் காட்டுகிற பிரதியை மட்டும் நம்ப வேண்டாம்.

கடைசியாக ஹைபிரிட் தெரிந்த ஒருவரைக் கொண்டு ஸ்கேன் பண்ணுங்கள். பி0ஏஏ6 என்று வந்தால் உயர் அழுத்த மின்சாரம் எங்கோ காரின் உடம்புத் தகட்டுக்குக் கசிகிறது, ஈரம் அதற்கு ஒரு முக்கிய காரணம், அந்தக் காரை விட்டுவிடுங்கள். பழைய கோட்கள் எதுவுமே இல்லாமல் அன்று காலைதான் அழித்த மாதிரி இருந்தால், அரை மணித்தியாலம் இறக்கக்கண்டிப் பாலம் வரை ஓடிப்போய் வந்து திரும்ப ஸ்கேன் பண்ணுங்கள்.

என் கணக்கு இதுதான் தம்பி. டிஸ்க், சைலன்சர், கண்டென்சர், அங்கங்கே செம்பொடி என்றால் விலை பேசி வாங்கலாம். ஜக் வைக்கிற விளிம்பு உக்கியிருந்தால், சப்ஃபிரேம் சருகாக உரிந்தால், பின் சீட்டுக்குக் கீழே தண்ணீர் போன அடையாளம் ஒன்றாவது இருந்தால், எவ்வளவு குறைத்துத் தந்தாலும் வேண்டாம். 2020இல் நின்ற இறக்குமதி 2025இல் திரும்பத் தொடங்கியும் பழைய காருக்கே இந்த விலை என்கிறபோது, அவசரப்பட்டு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். ஹொயிஸ்டில் ஏற்றச் சொந்தக்காரர் சம்மதிக்கிறாரா என்று இன்றே ஒரு கோல் எடுத்துக் கேளுங்கள், போகும்போது டோர்ச்சும் பழைய சாரம் ஒன்றும் கொண்டு போங்கள்.