100 ஆக்டேன் பெட்ரோலுக்கு மாதம் 5,500 ரூபாய் கூடுதலாகச் செலவழிக்கலாமா?

கேள்வி: கோவையில் மென்பொருள் வேலை. போன வருடம் 2020 மாடல் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 245 ஒன்றை இரண்டாவது உரிமையாளராக வாங்கினேன். கடன் இன்னும் மூன்று வருடம் ஓட வேண்டும், வட்டி 12 சதவீதம். மாதம் சுமார் 1,000 கிலோமீட்டர் ஓட்டுகிறேன், லிட்டருக்கு 10 கிடைக்கிறது. நண்பர்கள் சொன்னதால் ஆறு மாதமாக 100 ஆக்டேன் பெட்ரோல்தான் போடுகிறேன். சாதாரணப் பெட்ரோல் 102, 95 ஆக்டேன் 110, 100 ஆக்டேன் 165 ரூபாய். மச்சானோ, "அமெரிக்காவிலேயே 91தான் பிரீமியம், நம் ஊர் 91 தாராளமாகப் போதும்" என்கிறான். டாங்க் மூடியின் உட்புறம் 95 என்று இருக்கிறது. யார் சொல்வது சரி? மனைவியின் 125 சிசி ஸ்கூட்டருக்கும் நல்ல பெட்ரோல் போடலாமா?

பதில்: மச்சானில் இருந்தே ஆரம்பிப்போம், அவர் விழுந்தது பலரும் விழும் குழி. அமெரிக்க பம்பில் எழுதியிருக்கும் 91ம் இங்கே பேசப்படும் 91ம் வேறு வேறு அளவுகள். நாம் சொல்வது ரான் என்ற ஒரே சோதனையின் எண். அவர்கள் இரண்டு சோதனைகளின் சராசரியை எழுதுகிறார்கள், அதனால் எண் குறைந்து தெரியும். அங்கே 91 என்றால் நம் கணக்கில் ஏறத்தாழ 95, 96. நம்முடைய 91க்குச் சமம் அங்கே 87, அதாவது அவர்களுடைய சாதாரணப் பெட்ரோல். மச்சான் சொன்ன தகவல் உண்மை, எடுத்த முடிவுதான் தவறு.

நண்பர்கள் பக்கம் வருவோம். ஆக்டேன் கூடினால் பெட்ரோலில் 'சக்தி' கூடும் என்பது நம் ஊர் பம்புகளில் வெகுகாலமாகப் புழங்கும் நம்பிக்கை. நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் 100 சிசி பைக்குக்கு பிரீமியம் போட்டவன்தான், மாதக் கடைசியில் கைமாற்று வாங்கிக்கூட. ஆக்டேன் என்பது தானாகத் தீப்பிடிக்காமல் தாங்கும் குணம், அவ்வளவுதான்.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறுகிறீர்கள், நாற்பது கொண்டை ஊசி வளைவு. வண்டியில் ஐந்து பேர், ஏசி ஓடுகிறது. வளைவு முடிந்து ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது டர்போ காற்றை அழுத்தித் திணிக்கிறது. சிலிண்டருக்குள் இருக்கும் கலவை ஏற்கெனவே சூடு. ஸ்பார்க் பிளக் பற்றவைத்த தீ பரவி வருவதற்குள் ஒரு மூலையில் இருக்கும் கலவை தானாக வெடித்தால் அதுதான் நாக்கிங், பிஸ்டனைச் சுத்தியலால் தட்டுவது போல. உங்கள் வண்டியில் நாக் சென்சார் இருக்கிறது. அது உடனே கண்டுபிடித்து ஸ்பார்க்கைத் தாமதப்படுத்தும். இன்ஜின் பிழைத்துக்கொள்ளும், ஆனால் இழுவை குறையும், அதே ஏற்றத்துக்கு எரிபொருள் கொஞ்சம் கூட எரியும். 95 என்று மூடியில் எழுதியிருப்பதன் பொருள், இந்தத் தாமதம் அதிகம் தேவைப்படாத அளவு அது என்பதுதான். மேலே ஐந்து எண் கொடுத்தால் வாங்கிக்கொள்ளும் இடம் கம்பெனி செட்டிங்கில் இருக்கும் இன்ஜினில் பெரிதாக இல்லை.

எவ்வளவு லாபம் எதிர்பார்க்கலாம்? அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ, பிரீமியம் 'பரிந்துரைக்கப்படும்' வண்டிகளைச் சாதாரணப் பெட்ரோலிலும் பிரீமியத்திலும் ஓட்டி 2017இல் முடிவை வெளியிட்டது. சராசரியாக மைலேஜ் 2.7 சதவீதம் கூடியது, குதிரைத்திறன் 1.4 சதவீதம். சில வண்டிகளில் ஏழு சதவீதம் வரை மைலேஜ் ஏறியது, ஒன்றிரண்டில் குறையவும் செய்தது. டர்போ வண்டிக்குத் தாராளமாக 3 சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம்.

உங்கள் எண்களைப் போடுகிறேன், 10 மைலேஜ் சாதாரணப் பெட்ரோலில் கிடைப்பதாக வைத்து. சாதாரணப் பெட்ரோலில் 100 லிட்டர், 10,200 ரூபாய். 95இல் மைலேஜ் 10.3 ஆனால் 97 லிட்டர் சொச்சம், 10,680. ஆக 480 ரூபாய் கூடுதல். மைலேஜே ஏறாவிட்டால் 800. இந்த 8 ரூபாய் வித்தியாசத்தை மைலேஜ் மட்டுமே ஈடுகட்ட வேண்டுமென்றால் 10.8 ஆவது கொடுக்க வேண்டும், அதை நான் எதிர்பார்க்க மாட்டேன். 95, 100 இரண்டிலும் மைலேஜ் அதே 10 என்றே வைத்தால், 100 ஆக்டேனில் 16,500. 95ஐ விட மாதம் 5,500, வருடத்துக்கு 66,000 ரூபாய் அதிகம்.

100க்கு ஒரு நியாயம் சொல்வார்கள், அதைத் தள்ளிவிட முடியாது: இந்தியன் ஆயிலின் எக்ஸ்பி 100 எத்தனால் கலக்காதது. இப்போது பம்புகளில் கிடைக்கும் சாதாரணப் பெட்ரோல் இ20, ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலில் பெட்ரோலை விட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு, எனவே இ20இல் ஆறேழு சதவீதம் குறைகிறது. சரி, 100 ஆக்டேனில் அந்த ஏழு சதவீதமும் முழுதாகத் திரும்பக் கிடைத்தது என்றே கொள்வோம், 10.7 மைலேஜ். அப்போதும் மாதச் செலவு 15,400ஐத் தாண்டுகிறது. சாதாரணத்தை விட 62 சதவீதம் விலை அதிகமான பொருள் ஏழு சதவீதத்தைத் திருப்பித் தந்தால் அது சிக்கனம் ஆகாது. மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கும் பழைய வண்டி என்றால் வேறு விஷயம், எத்தனால் ஈரத்தை இழுக்கும். வாரத்தில் ஐந்து நாள் அவிநாசி சாலையில் ஓடும் உங்கள் வண்டிக்கு அந்தக் கவலை இல்லை.

இதே எத்தனால்தான் இன்னொரு பக்கம் சாதாரணப் பெட்ரோலுக்குச் சாதகமாகப் பேசுகிறது. எத்தனாலின் ஆக்டேன் 108 வாக்கில். அதைக் கலந்ததால் இ20இன் ஆக்டேன் 95ஐ ஒட்டி வந்துவிட்டது என்று பெட்ரோலிய அமைச்சகம் 2025 ஆகஸ்டில் விளக்கம் தந்தது. அப்படியானால் 8 ரூபாய் எதற்கு? பெரும்பகுதி சுத்தப்படுத்தும் ரசாயனத்துக்கும் பெயருக்கும். உங்களுடையது டைரக்ட் இன்ஜெக்ஷன். பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள் பாய்வதால் இன்டேக் வால்வை அது கழுவாது, இன்ஜெக்டர் மட்டும் சுத்தமாகும். ஆனாலும் 95 கேட்கும் வண்டிக்கு, 95 என்று எழுதி விற்கும் பம்பில் போடுங்கள் என்பேன். பல லட்சம் கொடுத்து வாங்கிய டர்போ இன்ஜினுக்கு மாதம் 800 ரூபாய் பிரீமியம் கட்டும் காப்பீடாக நினைத்துக்கொள்ளுங்கள். நிஜக் காப்பீடு இங்கே கைகொடுக்காது. மோட்டார் பாலிசி தேய்மானத்தையும் இயந்திரக் கோளாறையும் ஏற்பதில்லை. 'இன்ஜின் புரொடெக்ட்' எடுத்தவர்களுக்கும் அது முக்கியமாக வெள்ளத்தில் தண்ணீர் புகுவது போன்றவற்றுக்குத்தான்.

800 ரூபாயும் இடிக்கிறது என்றால் நீங்களே சோதித்துப் பாருங்கள். சாதாரணத்தில் மூன்று டாங்க், 95இல் மூன்று டாங்க், ஒரே பாதை, ஒரே பம்ப், ஒவ்வொரு முறையும் பம்ப் தானாக நிற்கும் முதல் 'கட்'டில் நிறுத்தி. "ரவுண்டா போட்டுரவா சார்?" என்று கேட்கும் பையனிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு லிட்டர் கணக்கைக் குறித்துக்கொள்ளுங்கள். மீட்டரில் தெரியும் மைலேஜை நம்ப வேண்டாம்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. நீங்கள் இரண்டாவது கை. இந்த மாதிரி வண்டி வாங்குபவர்களில் நிறையப் பேர் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசியூவில் 'ஸ்டேஜ் 1' ரீமேப், அதாவது கூடுதல் சக்திக்காக மென்பொருள் மாற்றம், செய்துவிடுவார்கள், விற்கும்போது வாய் திறக்க மாட்டார்கள். அந்த மேப் 98, 100 ஆக்டேனை நம்பி எழுதப்பட்டிருந்தால் நான் மேலே சொன்ன கணக்கு முழுக்கச் செல்லாது. அப்போது 95 போட்டால் நாக்கிங் தொல்லை வரலாம். ஸ்கேனர் வைத்திருக்கும், நீங்கள் நம்பும் ஒர்க்‌ஷாப்பில் மேப் ஒரிஜினல்தானா என்று பாருங்கள். மாற்றியிருந்தால் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். காரணம் பெட்ரோல் மட்டும் இல்லை, காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்லாத மாற்றம் இழப்பீடு கேட்கும்போது தகராறில் போய் முடியும்.

மேப் ஒரிஜினல் என்று தெரிந்ததும் 100ஐ நிறுத்திவிடுங்கள். மிச்சமாகும் 5,500ஐ எஸ்ஐபியில், அதாவது மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில், போடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். 10 சதவீத வருமானம் கிடைத்தால் ஐந்து வருடத்தில் நாலேகால் லட்சம் ஆகும் என்று காட்டுவது எனக்கு எளிது. ஆனால் தலைக்கு மேல் 12 சதவீதக் கடன் இருக்கும்போது நிச்சயமில்லாத 10க்கு ஓடுவானேன்? தனிக் கணக்கில் சேர்த்து வருடத்துக்கு ஒரு முறை 66,000ஐ அசலில் கட்டுங்கள். கட்டிய முதல் வருடமே 7,900 ரூபாய் சொச்சம் வட்டி மிச்சம், ஏறத்தாழ 95 ஆக்டேனுக்காக வருடம் முழுக்கக் கூடுதலாகத் தரும் 9,600இல் முக்கால் பங்குக்கு மேல். பகுதித் தொகை கட்ட வங்கி அபராதம் போடுமா என்று கடன் பத்திரத்தில் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

அப்புறம் ஸ்கூட்டர். அதில் டர்போவும் கிடையாது, கம்பெனி 95 கேட்கவும் இல்லை. சாதாரணமே போடுங்கள்.