எந்தத் தோட்டா? முதலில் உங்கள் தோளைக் கேளுங்கள்

கேள்வி: டென்வரில் குடியேறிப் பல ஆண்டுகள் ஆகின்றன; அமெரிக்கக் குடியுரிமையும் பெற்றுவிட்டேன். இந்த அக்டோபரில் அலுவலக நண்பர்கள் எல்க் (வட அமெரிக்காவின் பெரிய மான்) வேட்டைக்கு அழைக்கிறார்கள். ஒருவர் .270 வின்செஸ்டர் வாங்கு என்கிறார். இன்னொருவர் .30-06. இளையவர் ஒருவர் 6.5 கிரீட்மோர் என்கிறார். கடைக்காரரோ, .300 வின்செஸ்டர் மேக்னம் இல்லாமல் எல்க் பக்கமே போகக்கூடாது என்கிறார். எனக்கு மெலிந்த உடம்பு, இதுவரை சுட்டதெல்லாம் .22 என்ற சிறிய தோட்டா மட்டும்தான். எதை வாங்குவது? அடுத்த ஆண்டு என் மனைவியும் வர விரும்புகிறார். இருவருக்கும் ஒரே ரைஃபிள் போதுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கொலராடோ

பதில்: .308 வின்செஸ்டர் வாங்குங்கள். (இவையெல்லாம் தோட்டா வகைகளின் பெயர்கள்; அந்தத் தோட்டாவைச் சுடும் ரைஃபிளையும் அதே பெயரால் அழைப்பார்கள். தோட்டாவின் நுனியில் இருந்து பறந்து போவதுதான் குண்டு.) உங்களுக்கு யோசனை சொன்ன நால்வரில் ஒருவர்கூட அதன் பெயரை எடுக்கவில்லை என்பதில் எனக்கு வியப்பில்லை. அதைப் பற்றிச் சண்டை போட ஒன்றும் கிடையாது. சண்டைக்கு வழியில்லாத தோட்டாவை யாரும் பரிந்துரைப்பதில்லை.

தமிழ்நாட்டிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தப் பேச்சுக்கே இப்போது இடமில்லை. இங்கே சொல்வதெல்லாம் உரிமம் வாங்கி, பருவம் பார்த்து வேட்டையாடும் கொலராடோவுக்கு.

அந்த மாநிலத்தின் விதியைப் பாருங்கள். எல்க் வேட்டை ரைஃபிளின் குழல் விட்டம் குறைந்தது .24 அங்குலம், குண்டின் எடை குறைந்தது 85 கிரெயின், 100 கஜத்தில் 1,000 அடி-பவுண்டு (ஆற்றலை அளக்கும் அலகு) ஆற்றல். ஒரு கிராம் என்பது ஏறத்தாழ பதினைந்தரை கிரெயின். உங்கள் நண்பர்கள் சொன்ன எல்லாமே இந்த வரம்பைச் சுலபமாகத் தாண்டிவிடும். ஆகவே சட்டம் உங்களுக்காக முடிவெடுக்காது.

கடைக்காரர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. 180 கிரெயின் குண்டை .300 மேக்னம் வினாடிக்குச் சுமார் 2,960 அடி வேகத்தில் அனுப்பும்; .30-06 அதே குண்டை 2,700 அடியில், .308 ஏறக்குறைய 2,600 அடியில். தாளில் பார்த்தால் பெரிய இடைவெளிதான். மலையில் பார்ப்போம். 200 கஜத்துக்குக் குறி சரிசெய்த ரைஃபிளால் 300 கஜத்தில் சுட்டால், .308-இன் குண்டு மேக்னத்தின் குண்டைவிடச் சுமார் இரண்டு அங்குலம் கூடுதலாகத் தாழும். எல்க் நம் கடமானுக்கு உறவு. பெரிய ஆண் 300 கிலோவைத் தாண்டும். அதன் நுரையீரல் பகுதி ஓர் அடிக்கு மேல் அகலம். இரண்டு அங்குலத்தால் எல்க் தப்பிப்பதில்லை. 300 கஜத்துக்கு அப்பால்தான் மேக்னத்தின் ஆதாயம் கண்ணில் படத் தொடங்கும். முதல் வேட்டைக்குப் போகிறவர் அந்தத் தூரத்தில் விசையைத் தொடவே கூடாது.

அந்த ஆதாயத்துக்கு விலை தோளில் கேட்கப்படும். எட்டுப் பவுண்டு ரைஃபிளில் .308 சுமார் 17, 18 அடி-பவுண்டு உதைக்கும்; .300 மேக்னம் 26-ஐ ஒட்டி, அதாவது ஒன்றரை மடங்கு. மலை ஏறுவதற்கென்று விற்கப்படும் இலகுவான ரைஃபிளில் இன்னும் மோசம். .22 மட்டுமே சுட்டவர் அதை நான்கு முறை சுட்டதும் உடம்பு பாடம் கற்றுக்கொள்ளும்: அடுத்த முறை விசையை இழுக்கும் முன்பே கண் மூடும், தோள் முன்னால் தள்ளும். குண்டு வயிற்றில் போய்ப் படும். காயம்பட்ட எல்க் மணிக்கணக்கில் காட்டுக்குள் நடந்து சாவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவே. தோட்டா சிறியது என்பதால் நேர்வது அதைவிடக் குறைவு.

உங்களுக்கு அந்தப் பழக்கம் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. சுடுதளத்தில் நண்பரிடம் ரைஃபிளைக் கொடுத்து, உங்களுக்குத் தெரியாமல் சில முறை உண்மைத் தோட்டாவையும் சில முறை போலித் தோட்டாவையும் போடச் சொல்லுங்கள். போலி வரும்போது குழல் நுனி ஆடினால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

இனி, தோட்டாவின் பெயரைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அதன் நுனியில் இருக்கும் குண்டு. 1946-இல் ஜான் நாஸ்லர் என்ற அமெரிக்கர் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மூஸ் (எல்க்கைவிடப் பெரிய மான்) வேட்டைக்குப் போனார். கையில் இருந்தது .300 ஹெச் அண்ட் ஹெச் மேக்னம், வலிமைக்குக் குறைவில்லை. ஆனால் சேறு பூசிக் காய்ந்திருந்த மூஸின் தோலில் பட்டதும் குண்டுகள் சிதறிவிட்டன. உள்ளே ஆழமாக இறங்கவில்லை. கடுப்போடு ஊர் திரும்பியவர், நடுவே செம்புச் சுவர் வைத்த குண்டு ஒன்றை வடிவமைத்தார். முன்பாதி விரியும், பின்பாதி உடையாமல் ஊடுருவும். 1948-இல் பார்ட்டிஷன் என்ற பெயரில் விற்பனைக்கு வந்த அது இன்றும் கிடைக்கிறது. அவர் பழுது கண்டது தோட்டாவில் இல்லை என்பதைக் கடைக்காரரிடம் சொல்லிப் பாருங்கள்.

எனவே .308-இல் 165 அல்லது 180 கிரெயின் எடையில், பார்ட்டிஷன் வகையையோ, ஈயமும் உறையும் ஒட்டவைத்த வகையையோ, முழுச் செம்புக் குண்டையோ வாங்குங்கள். செம்பில் 150 கிரெயினும் போதும், அது எடை இழக்காமல் ஊடுருவும். வீட்டில் குழந்தைகள் அந்த இறைச்சியைச் சாப்பிடப்போகிறார்கள் என்றால் நான் செம்பைத்தான் சொல்வேன். ஈயக் குண்டு உடையும்போது கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் சதைக்குள் பரவும். இலக்குப் பலகைக்கென்று செய்த குண்டுகள் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் வேண்டாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். .270 வந்தது 1925-இல். எழுத்தாளர் ஜாக் ஓ'கானர் அதைப் பல பத்தாண்டுகள் தூக்கிப் பிடித்தார்; கனமான, பெரிய குண்டுதான் வேண்டும் என்று எல்மர் கீத் எதிர்த்து எழுதினார். இருவருமே ஏராளமான எல்க் சுட்டவர்கள், வழக்கு அங்கேயே அடிபட்டுப்போகிறது. 1906-இல் அமெரிக்க ராணுவத்துக்காக வந்த .30-06-இல் குறையே இல்லை. தாத்தா வைத்திருந்ததை யாராவது கொடுத்தால் மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். காசு கொடுத்து வாங்குவதென்றால், 1952-இல் வந்த .308 ஏறக்குறைய அதே வேலையைக் குட்டையான தோட்டாவில், சற்றே குறைந்த உதையோடு செய்கிறது, தோட்டாவும் எங்கும் கிடைக்கிறது. 6.5 கிரீட்மோர் இலக்குப் போட்டிகளுக்காகப் பிறந்தது, உதை மென்மை. அதை எல்க்குக்கு ஆகாது என்று ஒதுக்குவோரை நான் ஏற்கமாட்டேன், ஏனெனில் ஸ்வீடனில் ஏறக்குறைய அதே ஆற்றலுள்ள 6.5×55 தோட்டாவால் நூறாண்டுக்கும் மேலாக மூஸ் சுடுகிறார்கள். ஆனால் தூரத்தைக் குறைத்து, எலும்பைத் தவிர்த்து, பொறுமையாகச் சுடத் தெரிந்த கைகளுக்கே அது ஏற்றது.

மிச்சமாகும் பணத்தில் தோட்டா வாங்கிப் பழகுங்கள். மேசையில் மணல்மூட்டை வைத்துச் சுடுவது ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கியை) சரிசெய்ய மட்டுமே உதவும். உட்கார்ந்து, மண்டியிட்டு, ஊன்றுகோலில் சாய்த்துச் சுட்டுப் பாருங்கள். உங்கள் .22-ஐ இதற்கு வைத்துக்கொள்ளலாம். பதினாயிரம் அடி உயரத்தில் மூச்சு வாங்கும்போது எத்தனை கஜத்தில் ஒரு சாப்பாட்டுத் தட்டைத் தவறாமல் அடிக்க முடிகிறதோ, அதுவே உங்கள் எல்லை. கொலராடோவில் 1949 ஜனவரி முதல் நாளோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு வேட்டைக் கல்விச் சான்றிதழ் கட்டாயம். உடலின் மேற்பகுதியில் 500 சதுர அங்குலத்துக்கு ஒளிரும் ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்புத் துணியும் வேண்டும்.

உங்கள் மனைவிக்கும் அதே .308 பொருந்தும், தோளில் வைக்கும் கட்டையின் நீளம் பொருந்தினால். நீளக் கட்டையைக் கழுத்தை நீட்டிப் பிடித்துச் சுட்டால் ஸ்கோப் நெற்றியில் இடிக்கும். கட்டையின் பின்னால் செருகி நீளத்தைக் கூட்டக் குறைக்கத் தகடுகள் கொண்ட ரைஃபிள்கள் கடையில் உண்டு. அப்படி ஒன்றைக் கேளுங்கள், வாங்கும் நாளில் அவரையும் கடைக்கு அழைத்துப் போங்கள்.