53 வயதில் ஆங்கிலம் கற்பிக்கத் தகுதி பெற முடியுமா?

வங்கி வேலையை விட்டுவிட்டு நாகர்கோவிலில் இருக்கிறேன், 53 வயதில் செல்டா (CELTA, ஆங்கிலம் கற்பிப்பதற்கான சான்றிதழ்ப் படிப்பு) படிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் படிக்கலாம். கேம்பிரிட்ஜ் வழங்கும் இந்தச் சான்றிதழுக்கு வயதில் மேல்வரம்பு கிடையாது, பி.எட்.டும் கேட்பதில்லை. ஆனால் சேரும் முன் ஒரு எழுத்துத் தேர்வும் நேர்காணலும் உண்டு, இலக்கணத்தை விளக்கத் தெரிகிறதா என்று அதிலேயே பார்த்துவிடுவார்கள், அதற்குத் தனியாக இரண்டு மாதம் ஒதுக்குங்கள்.

படிப்பு குறைந்தது 120 மணி நேரம், நான்கு கட்டுரைகள், அப்புறம் நிஜ மாணவர்களுக்கு 6 மணி நேரம் பாடம் எடுக்க வேண்டும். இதுதான் உயிர்நாடி: பயிற்றுநர் கவனித்துக் குறிப்பெடுத்து, முடிந்ததும் கூடப் படிப்பவர்கள் முன்னாலேயே நிறைகுறையைச் சொல்வார், அவர் நம்மைவிட இளையவராக இருந்தாலும் கேட்டுக்கொள்ளும் மனது வேண்டும். முழுநேரமென்றால் நான்கைந்து வாரம் மூச்சுவிட நேரமிருக்காது. இணையவழியில் பகுதிநேரமாகப் படியுங்கள் என்பேன். செலவு அதிகம்தான். கட்டுப்படாவிட்டால் இக்னோவின் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) ஆங்கிலம் கற்பித்தல் சான்றிதழ்ப் படிப்பைப் பாருங்கள், தொலைநிலையிலேயே முடிக்கலாம்.

அரசுப் பள்ளி வேலைக்கு இவை போதாது, அங்கே பி.எட்., டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வு வேண்டும். சரி, மாணவர்கள்? மார்த்தாண்டம், தக்கலை பக்கம் வெளிநாடு போக ஐஈஎல்டிஎஸ், ஓஈடி ஆகிய ஆங்கிலத் தேர்வுகளை எழுதும் நர்ஸுகளிடமிருந்து தொடங்குங்கள், பேசப் பயப்படும் அந்தப் பிள்ளைகளுக்குப் பொறுமையான ஆசிரியர் அவசியம் தேவை.