எத்தனை மில்லிமீற்றர் மழையில் லயத்தை விட்டு இறங்குவது?

கேள்வி: எங்கள் தோட்டத்து லயங்களில் (வரிசை வீடுகளில்) 42 குடும்பங்கள், 210 பேர். காலநிலை மாற்றத்துக்கு ஈடுகொடுக்க ஒரு திட்டம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். '500 மரக்கன்று, 3 விழிப்புணர்வுக் கூட்டம்' என்று இலக்கு வைத்திருக்கிறோம். போதுமா?
– வாசகி, ஹப்புத்தளை

பதில்: போதாது. அது நீங்கள் செய்யப்போகும் வேலையின் கணக்கு. அடைமழை இரவில் மண்சரிவுக்குத் தப்பி 210 பேரும் எங்கே இருப்பார்கள் என்பதுதான் இலக்கு.

தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு மூன்று படிகள் வைத்திருக்கிறது. 24 மணி நேரத்தில் 75 மி.மீ. பெய்தால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேற்றம். ஒரே மணி நேரத்தில் 75 கொட்டினாலும் வெளியேற வேண்டியதுதான். நீங்கள் 100இலேயே இறங்குவதாக எழுதுங்கள்: '100 மி.மீ. தொட்டு ஒரு மணி நேரத்துக்குள், நள்ளிரவானாலும், 42 வீடும் காலி.' 150 வரை காத்திருந்தால் இருட்டில் படிக்கட்டே ஓடையாகியிருக்கும்.

அளக்க, அடியும் வாயும் ஒரே அகலமான உயரத் தகரம் ஒன்றும் அடிமட்டமும் போதும். சோடாப் போத்தல் வேண்டாம். அதன் அடி மேடுபள்ளமாக இருப்பதால் கணக்குப் பிழைக்கும். கூரை, மரம் எதுவானாலும் அதன் உயரத்தைப் போல் இரு மடங்கு தள்ளி வையுங்கள். நிலத்திலிருந்து ஓரடி உயர்த்தினால் சேறு தெறிக்காது. தினமும் காலை 8.30க்கு அளந்து, எழுதி, கொட்டிவிடுங்கள். கொட்ட மறப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. பெருமழையில் மணிக்கொரு தடவை பாருங்கள். காலையில் மட்டும் பார்த்தால் இரவு கொட்டியது விடிந்த பிறகுதான் தெரியும்.

சுவரிலோ நிலத்திலோ புது வெடிப்பு, திடீரென்று கலங்கி வரும் ஊற்று, சாயும் மரம் – இவற்றில் ஒன்றைக் கண்டாலும் தகரத்தைப் பார்க்க வேண்டாம், இறங்குங்கள்.

போகும் இடத்தையும் இப்போதே முடிவு செய்யுங்கள். 2014 ஒக்டோபர் 29இல் மண்சரிவில் மண்ணுக்குள் போன மீரியபெத்தைத் தோட்டத்துக்கு முன்பே எச்சரிக்கை இருந்தது, மாற்றிடம்தான் இல்லை. நீங்கள் நினைத்திருக்கும் மண்டபமே சரிவு வலயத்தில் இருக்கலாம். கிராம உத்தியோகத்தர் மூலம் கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்திடம் கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். ஒத்திகையை செப்டம்பரில் வையுங்கள். உங்கள் பக்கம் ஒக்டோபரிலிருந்து மழை வலுக்கும். ஹற்றன் பக்கத்தார் மே மாதத்துக்கு முன் வைக்க வேண்டும்.

கேள்வி: ஊற்றிலிருந்து பீலியில் வரும் தண்ணீருக்கு இலக்கு வைப்பது எப்படி?
– வாசகர், நோர்வூட்

பதில்: வறட்சி உச்சத்தில், பெப்ரவரி–மார்ச்சில் அளந்து பாருங்கள். மழைக்காலத்து அளவு ஏமாற்றும். 20 லீற்றர் வாளி நிரம்ப 240 வினாடி என்றால் நிமிடத்துக்கு 5 லீற்றர், நாளைக்கு 7,200. உங்கள் தோட்டத்திலும் 210 பேர் என்று வைத்துப் பங்கிட்டால் ஆளுக்கு 34 லீற்றர் என்று தோன்றும். ஆனால் இரவு 8 மணி நேரம் யாரும் பிடிக்காமல் ஓடும் 2,400 லீற்றரைக் கழித்தால் 23தான் மிஞ்சும். ஆகவே முதல் இலக்கு, மார்ச்சுக்கு முன் 2,500 லீற்றர் மூடிய தொட்டி. ஊற்றுக்கு மேலே உரம், மருந்து அடிப்பதை நிறுத்தித் தருமாறு தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்பது அடுத்தது.