பத்திரம் எழுதி வாங்கிய பிறகும் டிரைவர் நஷ்டஈடு கேட்கலாமா?

கேள்வி: நாமக்கல் பக்கம் ஒற்றை லாரி வைத்துப் பிழைக்கிறேன். 2024 ஐப்பசியில் பின்பக்க மெயின் பட்டா (பாரம் தாங்கும் வில் தகடு) உடைந்தது. லோடு காத்திருந்ததால் பட்டறைக்குப் போகாமல், வீட்டுக் களத்திலேயே டிரைவரும் நானும் பட்டாவை இறக்கினோம். ஜாக்கி சரிந்து சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) இறங்கியதில் அவருடைய வலது கால் நசுங்கி, முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அவருக்கு வயது 35. எட்டு வருடம் கூடப்பிறந்த தம்பி மாதிரி வைத்திருந்தேன். ஆஸ்பத்திரிக்கு 2,80,000 ரூபாய் கட்டினேன். மேற்கொண்டு 1,50,000 கொடுத்து, இனி எந்தப் பாத்தியதையும் இல்லை என்று 20 ரூபாய் பத்திரத்தில் எழுதி வாங்கினேன். இப்போது 20 லட்சம் கேட்டு வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. அன்று அவர் குடித்திருந்தார், கட்டை வைக்கச் சொல்லியும் கேட்கவில்லை. ரோட்டில் அடிபட்டதாகக் காட்டினால் இன்சூரன்ஸ் கொடுக்கும் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் கடிதம் ஆறு பக்கம். வழக்குக்கு வேண்டியது அதில் ஒரே வரிதான்: அவர் உங்களிடம் சம்பளத்துக்கு இருந்தவர், உங்கள் வண்டி வேலையைச் செய்யும்போது அடிபட்டார். விபத்து நடந்தபோது அமலில் இருந்த 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்துக்கு அது போதும். டிரைவர் எதற்குப் பட்டா வேலை பார்த்தார் என்ற வாதமும் நிற்காது. வண்டியைப் பழுதுபார்ப்பதும் அந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. யார்மீது தவறு என்று இந்த வழக்கை விசாரிக்கும் ஆணையர் (தொழிலாளர் துணை ஆணையர்) கேட்கப்போவதில்லை.

குடித்திருந்தார், சொல் கேட்கவில்லை என்பதெல்லாம் பிரிவு 3-இல் விதிவிலக்குதான். ஆனால் மரணத்துக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் அந்த விதிவிலக்கு பொருந்தாது. ஒரு கால்தானே, எப்படி முழு ஊனம் என்பீர்கள். பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில் ஒரு கையை இழந்த தச்சருக்கு 100 சதவீத இழப்பு என்று உச்ச நீதிமன்றம் 1975-லேயே சொல்லிவிட்டது. அவர் செய்துவந்த தொழிலை இனிச் செய்ய முடியுமா என்பதுதான் கேள்வி. வலது கால் இல்லாதவர் லாரியில் பிரேக் மிதிப்பது எப்படி?

கணக்கைப் பாருங்கள். சம்பளம் எவ்வளவு அதிகமானாலும் மாதம் 15,000 என்றுதான் எடுப்பார்கள். அதில் 60 சதவீதம் 9,000. சட்டத்தின் அட்டவணையில் 35 வயதுக்கு உரிய காரணி 197.06. பெருக்கினால் 17,73,540 ரூபாய். விபத்து நாளிலிருந்து 12 சதவீத வட்டி உண்டு. தக்க காரணமில்லாமல் இழுத்தடித்தீர்கள் என்று ஆணையர் கண்டால் 50 சதவீதம் வரை அபராதம். இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பேற்றாலும் அபராதம் உங்கள் தலையில்தான். ஆஸ்பத்திரிக்குக் கட்டிய 2,80,000 இதில் கழியாது, அது தனிக் கடமை.

இனி அந்தப் பத்திரம். நீங்கள் அனுப்பிய நகலில் தேதி அவர் டிஸ்சார்ஜ் ஆவதற்கு முந்தைய நாள். படுத்தபடியே போட்ட கையெழுத்து கோட்டைவிட்டுக் கீழே சரிந்து கிடக்கிறது. அதைப் பார்த்ததும் எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது, ஆணையருக்கும் அப்படித்தான் இருக்கும். உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதினால் பிரிவு 17-இன்படி செல்லாது. மொத்தத் தொகை பேசி முடித்தால் அந்த ஒப்பந்தத்தை ஆணையருக்கு அனுப்பிப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது பிரிவு 28. அப்படிச் செய்யாவிட்டால் முழு இழப்பீட்டையும் கட்ட வேண்டும். ஆணையர் வேறுமாதிரி உத்தரவிட்டால் ஒழிய, ஏற்கெனவே கொடுத்ததில் பாதிக்குமேல் கழிக்க முடியாது. உங்கள் 1,50,000-இல் கணக்குக்கு வருவது 75,000.

என் கட்சிக்காரர் ஒருவர் ஊர்ப் பெரியவர்களை வைத்து இப்படித்தான் 4 லட்சம் கொடுத்து முடித்தார். ரசீதுகூட இல்லை. உத்தரவு வந்தபின் மேல்முறையீடு செய்யலாம் என்று என்னிடம் ஓடிவந்தார். உத்தரவுத் தொகை முழுவதையும் கட்டிய சான்றிதழ் இல்லாமல் முதலாளி மேல்முறையீடு செய்ய முடியாது. பணம் புரட்டுவதற்குள் நிலவரி பாக்கி போல வசூலிக்கச் சொல்லி கலெக்டர் ஆபீசுக்குத் தாள் போய்விட்டது. கடைசியில் லாரியையே விற்றார்.

ரோட்டு விபத்து யோசனையை இன்றோடு விடுங்கள். அடிபட்ட அன்று ஆஸ்பத்திரி ஆக்சிடென்ட் ரெஜிஸ்டரில் என்ன எழுதினார்களோ, அந்த ஏ.ஆர். காப்பிதான் எல்லா இடத்திலும் பேசும். நீங்கள் அனுப்பிய போட்டோவும் இருக்கிறது. பட்டாவைப் பிடிக்கும் யூ போல்ட் நான்கு கழற்றியபடி, ஈரச் செம்மண்ணில் பலகை இல்லாமல் புதைந்த ஜாக்கி, சேசிஸுக்கு முட்டுக்கொடுத்த ஒரு ஹாலோ பிளாக். அந்தக் கல் நொறுங்கும் என்று எந்தப் பட்டறைப் பையனும் சொல்வான். பொய்ப் புகார் கொடுத்தால் இழப்பீட்டோடு கிரிமினல் வழக்கும் சேரும்.

பாலிசியை எடுத்து ஷெட்யூலைப் பாருங்கள். டிரைவருக்கோ, வண்டியை இயக்கிப் பராமரிக்கும் ஆட்களுக்கோ தனிப் பிரீமியம் கட்டியிருந்தால் உங்களுக்கு வழி உண்டு. பொது இடத்தில் நடக்கவில்லை என்று கம்பெனி தகராறு செய்யும். அதை ஆணையர் முன்னால் வாதாடலாம். நடந்தது நடந்தபடி எழுதி இந்த வாரமே பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

பாலிசி கைகொடுக்காவிட்டால் சமரசம் பேசுங்கள். ஜெயிக்கிற வழக்கு இல்லை இது. உங்களால் முடிந்த தொகையைத் தொழிலாளர் துணை ஆணையரிடம் உடனே டெபாசிட் செய்தால் அந்த அளவுக்கு வட்டி ஓடாது, அபராதம் கேட்கும்போதும் உங்களுக்குச் சொல்ல ஒரு பதில் இருக்கும். மீதியை அவருடைய வக்கீலோடு பேசி, ஆணையர் முன்னால் பதிவு செய்யுங்கள். அவர் வீட்டுக்குத் தனியாகப் போய் இன்னொரு பத்திரம் நீட்டாதீர்கள்.